சாமி உள்ளே இருந்தபோது எடுத்த புள்ளி

போன மாதம் ஒருநாள் கீர்த்தனா அழைத்தாள். எங்கள் வரைபடப் பிரிவில் நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண். பழைய கணினி வரைபடங்களையெல்லாம் புது மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய விவரங்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"மேடம், சாமளாபுரம் பக்கத்து ஷீட்டுல ஒரு கன்ட்ரோல் பாயின்ட் இருக்குதுங்க. குறிப்புல 'சாமி உள்ளே இருந்தபோது எடுத்தது'ன்னு போட்டிருக்குது. யாரோ வெளையாட்டுக்கு டைப் பண்ணிட்டாங்க போலிருக்குதுங்க. அழிச்சிரட்டுங்களா?"

"அழிச்சீன்னா நானே நேர்ல வந்துருவேன்," என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். விஷயம் என்னவென்று ஒரு பாரா எழுதி அனுப்பினால் போதும், புதிதாக வந்தவர்களுக்கும் காட்டலாம் என்றாள். என்னை ஒரு பாரா எழுதச் சொன்னவர்கள் இதுவரை யாரும் ஒரு பாராவோடு தப்பித்ததில்லை. பாவம், அது அவளுக்குத் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பிரிவில் கம்ப்யூட்டர் கிடையாது. கண்ணாடி போட்ட மேசை, அதற்கு அடியில் டியூப் லைட், மேலே பழைய வரைபடம், அதன் மேல் மெல்லிய டிரேசிங் துணி. மையூற்றிய பேனாவால் கோட்டுக்கு மேல் கோடு இழுக்க வேண்டும். சித்திரை வெயிலில் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை விழுந்தால் அந்த வாரத்து வேலை முழுதும் போச்சு. பேனா துடைக்கவும் வேர்வை துடைக்கவும் பனியன் கம்பெனிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வேஸ்ட் துணி வரும். திருப்பூரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் துடைக்கிற துணிக்குப் பஞ்சம் வராது. அப்படியே பல வருஷம் ஓடியது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, பேனா போய் மவுஸ் வந்தது, பயிற்சி என்று சொல்லிக் கோயம்புத்தூருக்கு அனுப்பி வைத்தார்கள்.

அந்தப் பயிற்சியில் வகுப்பெடுத்தவர் 'லேயர்' என்ற ஒன்றை ஒரு முழு காலை விளக்கினார். சாலை ஓர் அடுக்கு, ஓடை ஓர் அடுக்கு, வீடுகள் ஓர் அடுக்கு, எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் ஊர் தெரியும் என்றார். பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. என் தம்பி பனியன் பிரிண்டிங் பட்டறையில் மாஸ்டர். குழந்தை பனியனில் ஒரு பொம்மை அடிக்க வேண்டுமென்றால் கலருக்கு ஒரு ஸ்கிரீன். மஞ்சள் முகத்துக்கு ஒன்று, சிவப்பு வாய்க்கு ஒன்று, கறுப்புக் கண்ணுக்கு ஒன்று. ஒவ்வொரு ஸ்கிரீன் மூலையிலும் ஒரு கூட்டல் குறி இருக்கும். எல்லாக் கூட்டல் குறியும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தால் பொம்மை சிரிக்கும். ஒன்று நகர்ந்தால் வாய் கன்னத்துக்குப் போய்விடும். வரைபடத்திலும் அதே கதைதான். அந்தக் கூட்டல் குறிக்கு எங்கள் தொழிலில் கன்ட்ரோல் பாயின்ட் என்று பெயர். பழைய வரைபடத்திலும் இருக்க வேண்டும், தரையிலும் இன்றைக்கும் அதே இடத்தில் இருக்க வேண்டும். அப்படி நாலு இடம் கிடைத்தால் பழைய காகிதத்தைத் தரையோடு பொருத்திவிடலாம். எல்லைக்கல், கிணறு, பாலம், கோயில் இப்படி எதுவாகவும் இருக்கலாம். நகராத பொருளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஞானதுரை சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவுக்கு அதிகாரியாக வந்தவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், திருப்பூருக்கு வந்து எத்தனை வருஷம் ஆனாலும் பேச்சில் ஒரு 'ங்க' கூட ஒட்டிக்கொள்ளாத மனிதர். அவரிடம் வரைபடம் கொண்டுபோனால் படத்தைப் பார்க்க மாட்டார். முதலில் ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்துகளைத்தான் படிப்பார். பிறகு ஏதாவது ஒரு கோட்டின் மேல் சுண்டுவிரலை வைப்பார்.

"இந்தக் கோடு எங்கேருந்து வந்துது? எப்ப வந்துது? எந்த அளவு படத்துலேருந்து வந்துது?"

"சரியாத்தான் சார் இருக்கும்னு நெனைக்கறனுங்க."

"நெனச்சியளா, பாத்தியளா?"

இந்தக் கேள்விக்குப் பயந்தே நாங்கள் பாதிப் பேர் வெயிலில் அலைந்து கறுத்தோம். சின்ன அளவுப் படத்திலிருந்து கோட்டை எடுத்துப் பெரிதாக்கிக் கொண்டுபோனால் அவருக்கு வரும் கோபமே தனி. "அந்தப் படத்துல ஒங்க பேனா மொனை ஒரு தெரு அகலம். பெருசாக்குனா தெருவும் சேந்துதானம்மா பெருசாவும்?" என்பார். கம்ப்யூட்டரில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம், அதனாலேயே அதில் எல்லாம் இருக்கிறது என்று ஆகிவிடாது. இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன், ஒரு பயலும் காதில் வாங்கியதில்லை.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. உட்கார்ந்துகொண்டுதான் சரிபார்ப்பார். ஆனால் கையெழுத்துப் போடும்போது நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நிற்பார். முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொள்வார். நின்றுகொண்டுதான் கையெழுத்து. ஏன் சார் என்று ஒருமுறை கேட்டே விட்டேன்.

"இதுல ஒரு கோடு தப்பாப் போச்சுன்னா எவனோ ஒருத்தன் வீட்ட விட்டு எந்திரிச்சுப் போவணும். நாம ஒரு தடவ எந்திரிச்சா என்னம்மா கொறஞ்சு போவோம்?"

அன்றிலிருந்து அவர் மேல் எனக்குப் பயம் போய் வேறு ஏதோ வந்துவிட்டது. மரியாதை என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஓடை வந்தது. ஒரு மழைக்குச் சாமளாபுரம் பக்கம் தாழ்வான இடங்களில் தண்ணீர் புகுந்துவிட, ஓடைகளை வரைபடத்தில் குறித்து, உள்ளே எந்தெந்தக் கட்டடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வெளிவேலையை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார்கள். கிராமத்துப் பழைய வரைபடத்தில் ஓடையின் எல்லை இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் இன்றைய கட்டடங்கள் தெரிகின்றன. பழையதை ஸ்கேன் செய்து, நாலு புள்ளியில் பொருத்தி, புதியதன் மேல் வைக்க வேண்டும். ஓடைக்குள் விழும் கட்டடம் சிவப்பு, விழாதது பச்சை. எங்கள் பிரிவு சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் சிவப்புக்கு நோட்டீஸ் போகும், பிறகு இடிப்பார்கள்.

படம் எங்களிடம் வந்து சேருவதற்கு முன்பே ஊருக்குள் செய்தி போய்விட்டது. ஒருநாள் காலை பழனியம்மாள் என்று ஒருவர் நேராக எங்கள் அறைக்கே வந்துவிட்டார். சேலையில் அங்கங்கே பஞ்சு ஒட்டியிருந்தது. அவரும் கணவரும் வீட்டை ஒட்டியே ஒரு தறிக்கூடம் வைத்து விசைத்தறி ஓட்டுகிறார்கள். அந்தத் தறிக்கூடம் சிவப்பில் இருக்கிறதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங்க, எங்கூடு ஓடைக்குள்ள இருக்குதுன்னு சொல்றாங்களே, அப்ப நாங்க என்ன மீனுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் கொஞ்சம் வந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே கண் கலங்கிவிட்டார்.

"அத்தன மழையிலயும் தறிக்கூடத்துக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரலீங்க அம்மிணி. அத இடிச்சுப் போட்டா எங்களுக்கு வேற பொழப்பே தெரியாதுங்க. ஒருக்கா வந்து கண்ணால பாருங்க."

தண்ணீர் வரவில்லை என்பதற்காக ஓடையில் இல்லை என்று ஆகிவிடாது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சார் பார்ப்பார், தப்பிருந்தால் விடமாட்டார் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மதியம் படத்தை சாரிடம் கொண்டுபோனேன். வழக்கம்போல ஓரத்து எழுத்துகளைப் படித்தார். சுண்டுவிரலை வைத்துக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். நிறுவனத்துக்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் எழுதி வைத்திருந்தார்கள். கடைசியில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சட்டைக் கைப் பொத்தானைப் போட்டார். பேனா மூடியைக் கழற்றினார். அப்போது கீழ் மூலையில் ஒரு வரி அவர் கண்ணில் பட்டது. பொருத்தப் பிழை: சுழி.

பேனாவை மூடிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"பிழையே இல்லையாம்லா?"

"நல்லதுதானுங்களே சார்?"

"பிழையே இல்லாத படம்னா ஒண்ணு தெய்வம் வரைஞ்சிருக்கணும். இல்லாட்டி ஒருத்தனும் பாக்கலன்னு அர்த்தம். நாளைக்கு வண்டி சொல்லுங்க."

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு துணியை நாலு மூலையிலும் நாலு ஆணியில் மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆணி தப்பான இடத்தில் அடித்திருந்தாலும் இழுத்தால் துணி அங்கே போய் மாட்டிக்கொள்ளும். நாலு மூலையும் ஆணியில்தான் இருக்கிறது, பிழை எங்கே என்று கேட்டால் கம்ப்யூட்டர் சுழி என்றுதான் சொல்லும். துணி கோணிக்கொண்டு போனது அதற்குத் தெரியாது. ஐந்தாவதாக ஓர் இடத்தைப் பார்த்தால்தான் கோணல் தெரியும். நிறுவனத்துக்காரர்கள் ஐந்தாவதைப் பார்க்கவில்லை.

மறுநாள் கிளம்பினோம். கையில் ஜி.பி.எஸ். கருவி. நாலு புள்ளிக்கும் அதுவே அம்புக்குறி காட்டிக் கூட்டிக்கொண்டு போகும். முதல் புள்ளி ஒரு தரைப்பாலம், சரியாக இருந்தது. இரண்டாவது மூன்று ஊர் சந்திக்கும் எல்லைக்கல். மூன்றாவது ஒரு பழைய கிணறு. இரண்டும் பிசகவில்லை. நாலாவது ஓடைக்கரைப் பக்கம் இருக்கும் முருகன் கோயில். சுற்றிலும் தறிச் சத்தம். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்கவில்லை, வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டோம். அம்புக்குறி காட்டிய வழியே நடந்தோம். புதிதாக வர்ணம் பூசிய கோயில் கண்ணெதிரே தெரிகிறது. அம்புக்குறியோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே போகச் சொல்கிறது. போனோம். ஒரு கல்யாண மண்டபத்தின் பக்கவாட்டு வெற்றிடத்துக்குப் போய், வந்துவிட்டது என்று கருவி கூவியது.

அங்கே கவிழ்த்துப் போட்ட அண்டாக்களும் இட்லிப் பானைகளும் அடுக்கியிருந்தன.

சார் கருவியைப் பார்த்தார், இட்லிப் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுதான் கோயிலுன்னு சொல்லுதும்மா."

நிறுவனத்துக்காரர்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் போட்டோ எடுத்துச் சேர்த்திருந்தார்கள். நாலாவது போட்டோவை எடுத்துப் பார்த்தேன். தகரக் கொட்டகை, வாசலில் மாவிலைத் தோரணம், சீரியல் லைட், மேலே கோயில் பெயர்ப் பலகை. முன்னால் கருவியோடு நிற்கும் பையன்கள் நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு. பொய் எதுவும் இல்லை, கோயில்தான். ஆனால் அது இப்போது எங்கே?

அதற்குள் பழனியம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். போட்டோவைக் காட்டினேன்.

"ஆமாங்க, அப்ப சாமி இங்கதானுங்க இருந்துச்சு."

"சாமி எப்படிம்மா இங்க வந்துது?" என்றார் சார்.

"என்னங்க சார் இப்படிக் கேக்கறீங்க! கோயலுக்குத் திருப்பணி பண்றப்ப, சுத்திச் செவுத்த இடிச்சுப் போட்டுட்டு சாமிய அங்கயே உட்டுருவாங்களா? கும்பத்துல எறக்கி, இங்க பாலாலயம்னு கொட்டாய் போட்டுக் கொண்டாந்து வெச்சிருந்தோமுங்க. பூசையெல்லாம் இங்கதான். குடமுழுக்கு அன்னிக்குத்தான் உள்ள போச்சு. கொட்டாயப் பிரிச்சு நெம்ப நாளாகலீங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தார். "அந்தப் பசங்க வந்து கோயல் எங்கன்னு கேட்டாங்க. நாங்கதான் கூட்டியாந்து காட்டினோம். அங்க வெறுங்கல்லும் சிமென்டுமாக் கெடந்துச்சு. சாமி இருக்கற எடத்தத்தானுங்களே காட்டோணும்? தப்புங்களா?"

ஞானதுரை சார் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"தப்பே இல்லம்மா. சாமி மேற்க நடந்து வந்துட்டு. பின்னாலேயே ஓடையும் நடந்து வந்து ஒங்க தறிக்கூடத்துக்குள்ள ஏறிட்டு. தெய்வந்தான் வரைஞ்சிருக்கணும்னு நான் நேத்தே சொன்னம்லா?"

விஷயம் இவ்வளவுதான். பழைய வரைபடத்தில் இருக்கும் கோயிலைக் கொண்டுபோய் மேற்கே கொட்டகை இருந்த இடத்தில் ஆணியடித்துவிட்டார்கள். வரைபடத்தின் அந்த மூலை முழுவதும் மேற்கே இழுபட்டது. கூடவே ஓடையும் இழுபட்டு, கரையோரத்து வீடுகளின் மேல் ஏறிக்கொண்டது. பிரிண்ட் நகர்ந்த பனியனில் வாய் கன்னத்துக்குப் போன மாதிரி.

உடனே சரியான இடத்தை எடுத்துவிட முடியவில்லை. கல் கூரைக்கு அடியில் கருவிக்கு வானம் தெரியாது. கோயிலுக்கு வெளியே விளக்குத் தூணருகே வெட்டவெளியில் கருவியை வைத்து அளவெடுத்தோம். அங்கிருந்து கருவறை வரை டேப் பிடிக்க வேண்டும். உள்ளே பூசாரியைத் தவிர யாரும் போகக்கூடாது. டேப்பின் நுனியை அவரிடமே கொடுத்தோம். அவர் அதை ஒரு தட்டில் வாங்கிக்கொண்டு உள்ளே போய், சாமியின் பீடத்தருகே பிடித்துக்கொண்டு, "இழுங்கோ" என்று குரல் கொடுத்தார். சார் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு வெளியே நின்று அளவைச் சத்தமாகப் படித்தார். நான் எழுதிக்கொண்டேன். பழனியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார், சாமிக்கா டேப்புக்கா என்று தெரியவில்லை. கிளம்பும்போது ஐந்தாவதாக இன்னொரு பழைய கிணற்றையும் அளந்துகொண்டோம்.

அலுவலகத்துக்கு வந்து மறுபடி பொருத்தினேன். கம்ப்யூட்டர் இந்த முறை கொஞ்சம் பிழை காட்டியது, எங்கள் வேலைக்கு ஏற்கக்கூடிய சின்னப் பிழை. சார் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பந்தான் மனுசன் போட்ட படம் மாதிரி இருக்கு," என்றார். திரையில் ஓடை கிழக்கே நகர்ந்து தன் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. சிவப்பாக இருந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. பழனியம்மாளின் தறிக்கூடம் பச்சை. வாய்விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் தறிக்கூடத்தின் கிழக்கு மூலையில் நகத்தளவு ஒரு சிவப்பு மட்டும் போகவே இல்லை. எத்தனை தரம் பார்த்தும் போகவில்லை.

போன் போட்டு நல்ல செய்தியை முதலில் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்த மூலையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது.

"கிழக்கு மூலையில மட்டும் சின்னதா ஏதோ ஒண்ணு ஓடைக்குள்ள காட்டுதுங்க."

"அது பாத்ரூமுங்க அம்மிணி," என்றார் பட்டென்று. "அது மட்டும் நெசமுங்க. கட்டறப்பவே எங்கூட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், கேட்டாத்தான? நாங்களே இடிச்சுக்கறோம், உடுங்க."

இறுதிப் படத்தில் கையெழுத்துப் போட சார் எழுந்து நின்றார். போடுவதற்கு முன்னால் என்னிடம் திரும்பி, கோயில் புள்ளியின் குறிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று எழுதும் இடம் அது. 'சாமி உள்ளே இருந்தபோது எடுத்தது' என்று போடச் சொன்னார்.

"மேல இருக்கறவங்க சிரிப்பாங்க சார்," என்றேன்.

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் இது ஏம்லன்னு கேப்பான். கேட்டான்னா தப்பிச்சிக்கிடுவான்."

சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். நானும் வந்துவிட்டேன். கீர்த்தனாவும் ஏன் என்று கேட்டாள், தப்பித்தாள்.

இதையெல்லாம் எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். நேற்று மறுபடி அவளிடமிருந்து போன். பின்னால் ஒரே தறிச் சத்தம். ட்ரோன் விட்டுப் புது வரைபடம் எடுப்பதற்காக அதே ஊருக்கு வந்திருக்கிறாளாம். கோயிலைப் பழைய படத்தோடு பொருத்திப் பார்க்கலாம் என்று போனால், அடுத்த திருப்பணி ஆரம்பித்துவிட்டதாம். கோபுரத்தை ஓலைத்தட்டி கட்டி மறைத்திருக்கிறார்கள். கல்யாண மண்டபத்துப் பக்கம் சீரியல் லைட் எரிகிறது.

"மேடம், இங்க ஒரு அம்மா என்னை வேலையே செய்ய உட மாட்டேங்கறாங்க. கருவிய எடுத்ததுமே வந்து வழிமறிச்சு நின்னுட்டாங்க. நீங்களே பேசுங்க."

போன் கை மாறியது. குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

"அம்மிணி, நல்லா இருக்கறீங்களா? இந்தக் கண்ணுகிட்டக் கொஞ்சம் சொல்லுங்க. சாமி இப்ப வெளிய இருக்குதுங்க. இப்ப அளந்தா மறுக்காவும் ஓடை எங்கூட்டுக்கு வந்துரும். குடமுழுக்கு முடிஞ்சு வரட்டும், நானே கூட நின்னு டேப் புடிக்கறேன். பயமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, பாத்ரூம இப்ப மேக்காலதான் கட்டியிருக்கேன்."